விட்டத்தில் சுற்றிய குடும்பக் காகிதங்கள்

ஓட்டை போடுவதுதான் என் பிழைப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தொழில் என்னவென்று விசாரித்து நான் இப்படிச் சொன்னால், மனிதர் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல. ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேலைக் கரையில் ஓர் அன்னம் வர வேண்டுமானால், எந்த வரிசையில் எந்த இழை மேலே போக வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையில் இருக்கும் ஓட்டைகள். அட்டைகளுக்கு எண் போட்டு, வரிசையாகக் கயிற்றில் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிந்து தறிக்கு மேலே மாட்டிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கரையில் அன்னத்துக்குப் பின்னால் அன்னம் வந்துகொண்டே இருக்கும். நடுவில் ஓர் அட்டை விட்டுப்போனால் அன்னத்துக்குக் கழுத்து இருக்காது. அதனால் கோத்த கயிற்றை அறுப்பது எங்கள் தொழிலில் பெரிய பாவம்.

இப்படிப்பட்ட புத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் வீட்டுக் காகிதங்களைப் பத்திரப்படுத்தக் கிளம்பினால் என்ன ஆகும்? என்னைக் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். முதலில் அம்மா போனார். பிறகு தங்கை கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அடுத்த வருஷம் அப்பா. எனக்கும் பெண் பார்க்காமல் இல்லை. போன இடங்களிலெல்லாம் பஜ்ஜி கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள், பெண்ணைத்தான் கொடுக்கவில்லை. கடைசியில் வீட்டில் மிஞ்சியது நானும் ஒரு மரப்பெட்டி நிறையக் காகிதமும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிறந்ததற்கும் செத்ததற்குமான சான்றுகள், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, தங்கையின் படிப்புச் சான்றிதழ்கள். ஓசூரில் ஒற்றை அறையில் குடித்தனம் என்பதால் அவள் தன்னுடையதையெல்லாம் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

மரப்பெட்டியின் அடியில் கரையான் ஏறியது. வீட்டு வரி ரசீதுகளை ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுப்பக்கம் வரை சாப்பிட்டிருந்தது. ஓட்டை போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரப் பிராணி. அடுத்து பிஸ்கட் டின்னுக்கு மாற்றினேன். மழைக்காலத்தில் டின் துருப்பிடித்து, அப்பாவின் பெயருக்கு மேல் காவி வட்டம் விழுந்தது. பழைய வேட்டியில் வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு முடிந்து வைத்தேன். ராமபாணப் பூச்சி அந்துருண்டையை மோந்து பார்த்துவிட்டுக் காகிதத்தைத் தின்றது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. தரையில் இருப்பதைத்தானே பூச்சி தின்கிறது? தொங்கவிட்டால் என்ன?

அட்டை கையில் நிறைய இருந்தது. நீள வாக்கில் துண்டு போடாத முழு அட்டைகளை எடுத்து, காகிதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, மாதாமாதம் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய ரேஷன் கார்டை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு காகிதத்தையும் ஓர் அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். ஓரங்களில் ஓட்டை குத்தி, எண் போட்டு, கயிற்றில் கோத்தேன். கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிந்தேன். தொழில் தர்மம். விட்டத்தில் ஓர் உருளை கட்டி, மொத்தத்தையும் அதன்மேல் மாட்டினேன். கீழே தொங்கும் அட்டையைப் பிடித்து இழுத்தால் குடும்பமே சுற்றி வரும். அப்பாவின் இறப்புச் சான்று மேலே ஏறியதும் என் பிறப்புச் சான்று கீழே இறங்கும். நடுவில் எந்த இடைவெளியும் கிடையாது. சாப்பிட்டு முடித்த பிறகு சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். உருளை கிறீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வீட்டில் கொஞ்சம் ஆள் இருப்பதுபோல் இருக்கும் என்பதால் எண்ணெய் விடாமலே வைத்திருந்தேன்.

தங்கையிடமிருந்து கடிதம் வரும். எல்லாக் கடிதமும் ஒரே அச்சு. நலம், நலமறிய ஆவல், குழந்தைக்கு ஜலதோஷம், பிறகு ஒரு பத்தி விட்டு, இன்ன காகிதத்துக்கு நகல் வேண்டும், அனுப்பவும். அவளுக்காக நான் நகல் எடுக்கும் கலையில் தேர்ச்சி பெற்றேன். போட்டோஸ்டாட் அப்போது வேலூரில்தான். போய்வந்தால் ஒரு நாள் வேலை கெடும். ஆகவே முதலில் கையால் எழுதினேன், அச்செழுத்தை அச்செழுத்து மாதிரியே. பிறகு மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து எழுதினேன். மேல் தாள் எனக்கு, நடுத்தாள் அவளுக்கு. மூன்றாவதில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று ஒரு சந்தேகம் இருக்குமே தவிர, எழுத்து இருக்காது.

மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் பரீட்சைத் தாளுக்கு ஜெல்லியில் நகல் எடுப்பதாகச் சொன்னார். தட்டில் ஜெல்லி ஊற்றி உறையவிட்டு, ஊதா நகல் பென்சிலால் எழுதிய தாளை அதன்மேல் ஒத்தி எடுத்தால், எழுத்து ஜெல்லியில் இறங்கிவிடும். வெள்ளைத் தாளை வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். அவர் கிளிசரின் சேர்க்கச் சொன்னார். நான் சிக்கனக்காரன். கடல்பாசியைக் காய்ச்சி, கிளிசரினுக்குப் பதில் சர்க்கரைப் பாகு ஊற்றினேன். இரண்டு நகல் பிரமாதமாக வந்தது. மூன்றாவதற்குள் எறும்பு வந்துவிட்டது. தட்டில் இறங்கி வெளியேறிய எறும்புகள் சுவரெல்லாம் ஊதாக் கோடு போட்டுக்கொண்டு போயின. ஒரு வாரம் என் கையும் உதடும் ஊதா. பக்கத்து வீட்டு அம்மா, "இன்னாப்பா, நாவப்பழம் சீசனா?" என்று கேட்டார். அவர் அந்த மாதம் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். பழம் இல்லாமல் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நகல் எடுத்தால் போதாது. 'உண்மை நகல்' என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்த ஆபீசர் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர். ஊரில் பாதிப் பேரின் படிப்புக்கும் பிறப்புக்கும் அவர்தான் சாட்சி. எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நகலையும், முடிச்சவிழ்த்துக் கழற்றிய அசலையும் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். மாடுகள் என்னை ஒரு மாதிரி பார்க்கும். நோயில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு முறை தங்கை ரேஷன் கார்டு நகல் கேட்டிருந்தாள். ஆரணிக் கார்டில் அவள் பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று காட்டினால்தான் ஓசூர்க் கார்டில் பெயர் சேர்ப்பார்கள். எங்கள் கார்டில் நான்கு பெயர்கள். அம்மா, அப்பா, தங்கை மூவர் பெயர்மேலும் சிவப்பு மையில் கோடு. கீழே என் பெயர் மட்டும் கோடில்லாமல். உட்கார்ந்து அழகாக நகல் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அசல்ல கோடு இருக்கேங்க. நகல்ல இல்லையே?"

எட்டிப் பார்த்தேன். நான்கு பெயர்களும் பளிச்சென்று இருந்தன. வேண்டுமென்று செய்யவில்லை. எழுதும்போது கை அந்தக் கோடுகளைப் போடவில்லை, அவ்வளவுதான்.

"பேரு எழுதினா போதும்னு நெனச்சிட்டேன் சார்."

"கோட்டுக்காகத்தானே இந்த நகலே? உண்மை நகல்னா கோடும் சேத்துதான்." மேஜையிலிருந்த ஸ்கேலையும் சிவப்புப் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "நீங்களே போட்ருங்க."

ஸ்கேலை வைத்து அம்மாவின் மேல் ஒரு கோடு போட்டேன். அப்பாவின் மேல் ஒன்று. தங்கையின் மேல் போடும்போது பேனா கக்கி, கோடு கொஞ்சம் தடித்துவிட்டது. டாக்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வெளியே ஓர் எருமை நீளமாகக் கத்தியது. அதற்கு மட்டும் விஷயம் புரிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கம்தான். நகலில் முதல் பக்கத்தை மட்டும் கவரில் போட்டு அனுப்பினேன். 'அடுத்த பக்கம் பின்னால் வரும், கிடைத்ததற்குப் பதில் எழுதவும்.' அவள் பதில் எழுதினாள். இரண்டாம் பக்கத்தை அனுப்பினேன். அதற்கும் பதில் வந்தது. ஒரு காகிதத்துக்கு இரண்டு கடிதம்! கண்டுபிடித்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும். அதற்குப் பிறகு எந்த நகலையும் ஒரே தவணையில் அனுப்பியதில்லை. 'என் அசல் சான்றிதழ்களை நானே வைத்துக்கொள்கிறேன், அனுப்பிவிடு' என்று ஒரு முறை எழுதியிருந்தாள். ஓசூர்க் குளிரில் காகிதம் பூத்துப்போகும் என்று பதில் எழுதினேன். ஓசூரை நான் பார்த்ததுகூட இல்லை. அசல் போய்விட்டால் நகல் கேட்கமாட்டாள். நகல் கேட்காவிட்டால் அவளுக்கு என்னிடம் என்ன வேலை?

அவள் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். பதறிப்போய் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வேலைக்குக் கார்டு வந்துருச்சிண்ணா! திங்கக்கெழம பத்து மணிக்குத் தருமபுரில இருக்கணும். அசல் கேக்கறாங்க. இந்தத் தபா உட்டா வயசு தாண்டிடும், அப்புறம் கூப்புடவே மாட்டாங்க. ஜல்தியா எடு."

உள்ளே வந்தவள் விட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணா இது, தோரணமா?"

"நம்ம குடும்பந்தான். கோத்து வச்சிகினு இருக்கேன்."

"என் டிரெய்னிங் சர்டிபிகேட்டு?"

"பதினொன்னாம் நம்பரு. இழு, வரும்."

இழுத்தாள். உருளை கிறீச்சிட்டது. அப்பா மேலே போனார், நான் கீழே வந்தேன், வீட்டுப் பத்திரம் வந்தது, கடைசியாக அவள் சான்றிதழ் வந்தது. சுருக்கமில்லை, கறையில்லை, ஓரம்கூட மடங்கவில்லை. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் அட்டையைத் திருப்பினாள். பின்னால் வெறும் பழுப்பு அட்டை.

"பின்பக்கம் எங்கண்ணா?"

"பின்பக்கமா?"

"பின்னாடிதானே மார்க்கும் பிரின்சிபால் சீலும் இருக்குது! அத பாத்துத்தான் வேலையே குடுப்பாங்க."

"பத்திரமாத்தான் இருக்குது," என்றேன். "உள்ள."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இந்தச் சான்றிதழின் அத்தனை நகலிலும் நான் முன்பக்கத்தை மட்டுமே எழுதி அனுப்பியிருந்தேன் என்பதும், பின்பக்கம் இரண்டாம் தவணையில் வரும் வரும் என்று அவள் காத்திருந்து மறந்துபோனாள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அட்டையில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று நான் யோசித்ததே கிடையாது. எங்கள் தொழிலில் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"எட்டு வருஷம் காத்துகினு இருந்தேண்ணா," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

கயிற்றை அறுத்தேன். முதல் முறையாக. இட்லிச் சட்டியில் இட்லி இல்லாமல் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, ஆவியில் பிடித்துக் காகிதத்தை உரிக்கலாம் என்றாள். காகிதத்தை அட்டையிலிருந்து உரித்தால் கிழியும் என்றேன். அட்டையைத்தான் காகிதத்திலிருந்து உரிக்க வேண்டும். அட்டை என்பது பல தாள்கள் சேர்ந்த அடுக்கு. அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம். சான்றிதழைக் கவிழ்த்துப் போட்டு, அட்டையின் மேல் ஈரத்துணி போட்டு, ஓர் அடுக்கை உரித்து, காயவிட்டு, மறுபடி நனைத்து, அடுத்த அடுக்கை உரித்தோம். அவள் துணியைப் பிழிந்து கொடுக்க, நான் நகத்தால் சுரண்டினேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலை. நடுவில் உப்புமா கிண்டினாள். அந்த வீட்டில் வேறொருவர் சமைத்து நான் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. தட்டு தட்டாகச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த அட்டை இன்னும் நாலைந்து அடுக்கு கூடுதலாக இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்னை மாட்டு ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் கடைசி அடுக்கு வந்தது. மார்க் முழுசாகத் தெரிந்தது. கையெழுத்து தெரிந்தது. சீலில் மேல் பாதி காகிதத்தில் இருந்தது. கீழ்ப் பாதி பசையோடு பெயர்ந்து, அட்டைத் தாளில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. காகிதம் முழுக்க மயில்துத்தத்தின் இளம்பச்சை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் கிளம்பினேன். அந்த அட்டைத் தாளை அதிகாரியிடம் யாராவது விளக்க வேண்டுமே. வேலூரில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"அப்பாவோட இறப்பு நகலு எத்தினி தபா கேட்டேன் தெரியுமா?"

"மூணு தபா."

"ஓசூர்ல அத வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்னு ஒனக்குத் தோணலையா?"

"தொலைச்சிட்டேன்னு நெனச்சேன்."

"மூணும் டிரங்குப் பொட்டிலதான் இருக்குது. எதுனா கேட்டாத்தானே நீ எழுதற? சும்மா ஒரு லெட்டரு போட்ருக்கியா நீ, இத்தினி வருசத்துல?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"நான் ஒவ்வொரு பக்கமா அனுப்பனேனே," என்றேன், "வேணும்னுதான்."

"தெரியும். ரேஷன் கார்டுக்கு ரெண்டு ஸ்டாம்பு ஒட்டறவன எங்கியாச்சும் பாத்திருக்கியா? பேஜாரு புடிச்ச அண்ணன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்ததும், அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆம்பூர் வந்தது, வாணியம்பாடி வந்தது. காகிதத்தைப் பற்றி இல்லாமல் நாங்கள் பேசிப் பழகவில்லை. அவள் கிருஷ்ணகிரி வரை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தோள் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

தருமபுரியில் அதிகாரி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"

"எங்க அண்ணங்க. பத்திரமா வைக்கறேன்னு..."

"ரொம்பப் பத்திரமா வச்சிருக்கார்."

"நான்தான் சார்," என்று முன்னால் போய் அட்டைத் தாளை நீட்டினேன். சீலின் கீழ்ப் பாதி தலைகீழாக இருப்பதற்கான காரணத்தை, பசை, மயில்துத்தம், அடுக்கு என்று ஆரம்பித்து விளக்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். பத்தரைக்கு உட்கார்ந்தோம். அவளைத் தவிர வந்திருந்த எல்லாரும் உள்ளே போய் வந்துவிட்டார்கள். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான் ஒரு ஜோக் சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் எண்ணையும் மார்க்கையும் சரிபார்த்திருந்தார்கள். "இந்த அட்டையையும் பின் போட்டுக் குடுத்துட்டுப் போங்க," என்றார் அதிகாரி. அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது.

பஸ் நிலையத்தில் என் துணிப்பையை அவளிடம் கொடுத்தேன். சனிக்கிழமையே அவளுடைய எல்லா அட்டைகளையும் கழற்றி எடுத்து வைத்திருந்தேன்.

"இதெல்லாம் ஒன்னுது. ஆவில புடிக்காத. அட்டைய உரி, காகிதத்த உரிக்காத."

"நீ எழுதுண்ணா," என்றாள். ஓசூர் பஸ் முதலில் வந்தது.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்ததை மறுபடி கோத்தேன். சங்கிலி குட்டையாகிவிட்டது. உருளையிலிருந்து இறங்கி என் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. மாதக் கடைசியில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், நாலாம் வகுப்பு, அறுபது பிள்ளைகள். எதுவும் கேட்கவில்லை. பிறகு எதுவும் வரவும் இல்லை. அவள்மேல் தப்பில்லை. அறுபது பிள்ளைகள்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு, தபால் ஆபீசில் ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கினேன். அதுவரை நான் வாங்கியதெல்லாம் கவர்தான். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று இதன் மேலேயே அச்சடித்திருந்தார்கள். வீட்டில் வந்து உட்கார்ந்து நலம், நலமறிய ஆவல் எழுதினேன். அதற்குக் கீழே 'இத்துடன் இணைத்துள்ளது' என்று கை தானாக ஆரம்பித்துவிட்டது. அடித்தேன். வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடு ஒழுகுவதை எழுதினேன். களம்பூர் ரோட்டில் நெல் லாரி ஒன்று சாய்ந்துகிடந்து, கோழிகளெல்லாம் அங்கே குடியேறிவிட்டதை எழுதினேன். உப்புமா கிண்டிப் பார்த்ததையும், அது அடைபோல வந்ததையும், ஆனாலும் சாப்பிட்டுவிட்டதையும் எழுதினேன். மூன்று பக்கத்தில் ஒன்றரைப் பக்கம்தான் நிரம்பியது. எந்த ஆபீசிலும் எதற்கும் உதவாத செய்திகள். இதை எதற்காக எழுதியிருக்கிறார் என்று அவள் வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும் என்று மடித்து, எச்சில் தொட்டு ஒட்டி, கையால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.